இரண்டாம் சாவி

மார்ஃபின் அலமாரிக்கு இரண்டு பூட்டு.
ஒரு சாவி டாக்டர் நவமணியிடம்,
மற்றது ஸ்டோர் கீப்பர் போஜனிடம்,
அதாவது என்னிடம்.
ஒருவரை ஒருவர் நம்பக் கூடாது என்பது சட்டம்.
இருபத்திரண்டு வருஷம் நாங்கள்
சட்டத்தை மீறித்தான் வேலை பார்த்தோம்.

கோத்தகிரியில் தை மாதம்
புல்லின் மேல் உப்புக் கொட்டியதுபோல் உறைபனி.
அந்தக் குளிரில்தான்
சரிவுக்குக் கீழே இருளர் பதிகளில்
பிள்ளைகளின் ரத்தம் அரிவாளாக வளையும்.
வளைந்தது வளைந்ததோடு கொக்கி போட்டுக்கொள்ளும்.
எலும்புக்குள்ளே யாரோ கவாத்து வெட்டுகிறார்கள்
என்றான் ஒருவன்,
தேயிலைத் தோட்டத்தில் கவாத்து வெட்டுகிறவன்.
டாக்டர் அதை அப்படியே கேஸ் ஷீட்டில் எழுதினார்.

அவருக்கு ஒரு கோபம் இருந்தது.
கசகசா தெரியும்தானே போஜா,
உன் வீட்டுக் குருமாவில் அரைத்து விடுவது,
அந்தச் செடியின் பால்தான் இது.
வடக்கே நம் மண்ணில்தான் பூக்கிறது.
கப்பலேறிக் கடல் தாண்டத் தெரிந்ததற்கு
மேட்டுப்பாளையம் தாண்டி
மலையேறத் தெரியவில்லை பார்.

அதைச் சொல்லத்தான் ஊர் ஊராகப் போனார்.
கம்பாலா, லிமா, டாக்கா.
வரும்போது சாக்லேட் கொண்டு வரமாட்டார்,
அந்த ஊர் ஆஸ்பத்திரிப் பதிவேட்டின் நகல் கொண்டு வருவார்.
இருப்பு: இல்லை
என்பதை ஏழு மொழியில் எனக்குக் காட்டியிருக்கிறார்.

தொண்ணூற்றெட்டு. ஜெனீவா.
வலிக்கும் ஒரு நியாயம் வேண்டும் என்று
பன்னிரண்டு நிமிஷம் பேசி
மன்றமே எழுந்து நின்று கைதட்டிய அன்று
இங்கே இரவு மூன்று மணி.
மசணிக்கு ஒன்பது வயசு.
மூங்கில்பள்ளத்திலிருந்து
கம்பளியில் கட்டித் தூக்கி வந்தார்கள்.
கத்தவில்லை.
கத்த, மூச்சு இழுக்க வேண்டுமே.

என் சாவி திரும்பியது.
அடுத்த சாவி
ஜெனீவாவில், கைப்பையில்,
மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில்.

ரசாக் பாயை எழுப்பி பூத்தைத் திறக்க வைத்தேன்.
மீட்டரில் சிவப்பு எண்கள் ஓடின.
முதலில் ஒன்றுமே பேசவில்லை அவர்.
அந்த மௌனத்துக்கு மட்டும்
அறுபது ரூபாய் ஆனது.
பிறகு சொன்னார்: உடை.
டாக்டர், லைசென்ஸ்...
உடை.
அளவு சொல்கிறேன், எழுதிக்கொள்,
சிஸ்டர் பிலோமியிடம் கொடு.

ஜீப்பின் வீல் லீவர்.
மூன்றாவது நெம்பில் கொண்டி பெயர்ந்தது.
விடியும்போது மசணி
கம்பளியின் நூலைப் பிய்த்து விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

விசாரணைக்கு வந்தவர்
பூட்டைப் பற்றி நாலு பக்கம் எழுதினார்.
எந்தக் கட்டில், எந்தப் பிள்ளை என்று
ஒரு வார்த்தை கேட்கவில்லை.
டாக்டர் திரும்பி வந்து,
பதிவேட்டில், குறிப்பு என்ற கலத்தில்,
தன் கோணல் எழுத்தில் எழுதினார்:
பூட்டு உடைந்தது. உடைத்தவர் நான்.
அவர் சொன்ன பொய்களில்
எனக்குத் தெரிந்தது இது ஒன்றுதான்.

அதற்குப் பிறகும் பயணம் போனார்.
போகாமல் எப்படி.
ஆனால் கைதட்டல் கேட்டால்
இடது கை தானாகக் கைப்பையைத் தொடும்
என்று கூடப் போனவர் ஒருவர் சொன்னார்.

இந்தப் புரட்டாசியில் அவர் போய்ச் சேர்ந்தார்.
மதுரையிலிருந்து தங்கை மகன்
சாவியைப் பதிவுத் தபாலில் அனுப்பினான்,
ஏனோ, மூக்குக் கண்ணாடிக் கூட்டோடு.
இரண்டும் இப்போது என் டிராயரில், ஒரே வளையத்தில்.
ஆனால் லைசென்ஸ் அவர் பெயரில் இருந்ததாம்.
அலமாரிக்கு அரக்கு முத்திரை வைத்துவிட்டுப் போனார்கள்.
மனுப் போட்டு நாலு மாசம்.
புது டாக்டர் வருவார் என்கிறார்கள்.

வெளியே புல் வெளுத்துவிட்டது.
ஜீப் போன வருஷமே ஏலத்தில் போயிற்று.
லீவரை மட்டும்
நான் கொடுக்கவில்லை.